போடிங்கா, சமறியா?

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில், கொழும்பிற் கற்கும் மாணவர் ஐவர் சார்பில் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே மேடையில் அறிஞர் ஒருவர் ஆன்ம விசாரம் பற்றிப் பேசினார். இவ்வாண்டு எங்களை அழைத்த செயலாளர், "தம்பிமாரே, கொழும்புக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு உதவக்கூடிய ஏதாவது சொல்லுங்கள்" என்றார். ஆன்ம விசாரத்துக்குப் பின் அறை விசாரம் பேச வந்திருக்கிறோம். பொருள் சிறிதென்று பெரியோர் எண்ணற்க. பிள்ளை எங்கே படுக்கிறான், எவர் கையாற் சாப்பிடுகிறான் என்ற கேள்விகளே தாய்மாரின் நித்திரையைக் கெடுப்பவை.

பல்கலைக்கழக விடுதிகளில் எல்லார்க்கும் எல்லா ஆண்டுகளிலும் இடம் கிடைப்பதில்லை. இடம் கிடையாதவர் முன் இரண்டு வழிகள் உள. ஒன்று, ஒரு குடும்பத்தார் வீட்டில் அறையெடுத்து அவர் தரும் உணவையுண்டு வாழும் போடிங். மற்றையது, நண்பர் சிலர் சேர்ந்து வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தாமே சமைத்துண்டு வாழ்வது. இதனை எங்கள் பாட்டன்மார் 'சமறி' என்றனர். தோழன் என்று பொருள்படும் 'சம்' என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த 'சம்மரி', யாழ்ப்பாணத்தார் நாவிற் சமறியாயிற்று.

சமறிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1905 ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை இருப்புப்பாதை நிறைவுற்றபின், அரசாங்க உத்தியோகம் நாடிப் போன எழுதுவினைஞர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வீடெடுத்தனர். சமையற்காரர் ஒருவரையும் அமர்த்தினர். 1956 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில், இவர்களின் வெற்றுப் பைகள் ஊருக்கு வந்து, முருங்கைக்காயும் பனங்கட்டியும் நிறைந்து திரும்பின. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் அந்த வீடுகளைக் கலைத்தன. 1990 இல் வடக்கிற்கான இரயிலும் நின்றது. 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடையில், 2007 ஜூன் மாதத்தில், கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 300 க்கும் மேற்பட்டோர் ஒரே இரவிற் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து அச்செயலை நிறுத்தியது. ஆதலால், தலைநகரில் ஒரு முகவரி என்பது எங்கள் பெற்றோர்க்கு வெறும் கட்டிலும் மேசையும் அன்று. பிள்ளைக்கு அறை தேடும் தந்தையின் குரலிலே உள்ள நடுக்கத்துக்குக் காரணம் உண்டு.

எங்கள் கதைக்கு வருவோம். நாங்கள் ஐவர். மூவர் மிசன் பாடசாலை விடுதியில் ஒன்றாக வளர்ந்தவர்கள். மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டு, மணியடித்தால் விளக்கணைத்துப் பழகியவர்கள். மற்றையவருள் ஒருவர் மட்டக்களப்பார், இன்னொருவர் அற்றனைச் சேர்ந்தவர். முதலாம் ஆண்டில் எங்களில் நால்வர் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு அன்ரியின் வீட்டிலே இரண்டு அறைகளிற் போடிங் இருந்தோம். ஐந்தாமவர் மிசன் விடுதியில் எங்களோடு வளர்ந்த மூவருள் ஒருவர்; அவர் வத்தளைக்கு அப்பால் உறவினர் வீடொன்றிலிருந்து நாடோறும் இரண்டு பேருந்து மாறி வந்தார்.

போடிங்கின் நன்மையை மறைத்துப் பேசினால் நாங்கள் நன்றி கொன்றவர்கள். விடியற்காலையில் தேங்காய் துருவும் ஓசை கேட்டுக் கண்விழிப்பது பெரும் பாக்கியம். பரீட்சைக் காலத்தில் அன்ரி பிளாஸ்கில் தேநீர் ஊற்றி வாசலில் வைத்துவிட்டுச் சத்தமின்றிப் போவார். எங்களில் ஒருவர்க்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் பீடித்த நோய் அது; கொழும்பில் மழை பெய்தால் இன்றும் அச்சம்தான். வைத்தியசாலையில் இடங்கிடைக்கும் வரையும், பின்னர் திரும்பி வந்தபோதும், அன்ரியே தாயாக நின்றார். பரசிற்றமோல் தவிர வேறு நோமாத்திரை கொடுக்கக்கூடாதென்று அவர்க்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு குடித்தான், எவ்வளவு சிறுநீர் போனான் என்று ஒரு கொப்பியில் மணிக்கணக்காய்க் குறித்துவைத்தார். அந்தக் கொப்பியைப் பார்த்த வைத்தியர், "இதை எழுதியது யார்? தாதியா?" என்று கேட்டார்.

தீமைகளையும் சொல்ல வேண்டும். வெளிக்கதவு ஒன்பது மணிக்குப் பூட்டப்படும். நூலகத்தில் ஒரு பக்கம் மிச்சமிருந்தாலும் எழுந்தோட வேண்டும். நண்பர் வந்தால் விறாந்தையோடு அனுப்ப வேண்டும். கிழமையில் ஐந்து நாள் ஒரே பருப்புக்கறி. இவையெல்லாம் சிரித்து மறக்கக்கூடியவை. மிசன் விடுதியிற் பழகிய வயிற்றுக்குப் பருப்பு ஒரு பகையன்று.

மறக்க முடியாத ஒன்றைச் சொல்வதற்காகவே இவ்வளவு தூரம் வந்தோம்.

இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது அந்த வீட்டில் மூன்றாவது அறை வெறுமையாயிற்று. ஒருநாட் காலை அன்ரி, "நல்ல பிள்ளை ஒருவர் இருந்தாற் கூட்டிக்கொண்டு வாருங்கோ" என்றார். எங்களுக்கு வேறு யார் நினைவுக்கு வரப்போகிறார்? மாலையில் எங்கள் ஐந்தாமவரை அழைத்துச் சென்றோம். அன்ரி கதிரை தந்தார், தேநீரும் தந்தார். பிறகு கேட்டார்: "தம்பி, ஊரிலை எந்தப் பக்கம்?" அவர் சொன்னார். "கோயிலடியோ, றோட்டடியோ?" அதற்கும் சொன்னார். "அப்பாவின்ரை பேர் என்ன?" அதையும் சொன்னார். அன்ரி சிறிது நேரம் நிலத்தைப் பார்த்தார். பின்பு மிகவும் இனிமையாக, "ஐயோ தம்பி, இண்டைக்கு மத்தியானந்தான் ஒருத்தர் அறையைக் கேட்டு வைச்சிட்டார்" என்றார்.

அந்த அறை இரண்டு மாதம் பூட்டியே கிடந்தது.

சபையோரே, யாழ்ப்பாணத்திற் பிறந்த எவர்க்கும் அந்த மூன்று கேள்விகளின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. தூரம் அறிவதற்காக ஒருவரும் கோயிலடியோ என்று கேட்பதில்லை. எங்கள் நண்பர் எழுந்து, "போயிட்டு வாறன் அன்ரி" என்று சொல்லிச் சென்றார். பேருந்துத் தரிப்பிடம் வரை கூடவே நடந்தோம். எவரும் ஒன்றும் பேசவில்லை. 'நூறாம்' இலக்கப் பேருந்து வந்தது, ஏறிப்போனார். நாங்கள் திரும்பி வந்தோம், கைகழுவினோம், அன்ரி வைத்த பிட்டைச் சாப்பிட்டோம். இதுவே நாங்கள் இங்கு ஒப்புக்கொள்ள வந்த குற்றம். மறுநாளும் சாப்பிட்டோம். அன்ரி கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு ஆறுதலாக இருக்கும். டெங்குக் கொப்பியை எழுதிய அதே கைதான் அறைக் கதவையும் பூட்டியது. நாங்களோ அந்தக் கையின் சோற்றுக்காக வாய்மூடியிருந்தோம்.

மிசன் விடுதியில் ஏழாண்டு ஒரே வாங்கில் இருந்து, ஒரே அண்டாவிற் சமைத்ததை உண்டவர்கள் நாங்கள். அந்த ஒற்றை வாங்கு தானாக வந்ததன்று. அமெரிக்க மிசனார் 1823 இல் வட்டுக்கோட்டையிலும் 1824 இல் உடுவிலிலும் விடுதிக் கல்வியைத் தொடங்கிய நாள் முதல், யார் யாரோடு இருந்துண்பது என்பது இம்மண்ணில் ஓயாத வழக்காயிருந்தது. 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கத்தார், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர், சமபந்தியிலிருந்து உண்டு காட்டினர். 1930 ஆம் ஆண்டளவிற் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டுமென்ற விதி வந்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. ஆனால், தேநீர் கொடுத்துப் புன்னகையோடு சொல்லும் ஒரு பொய்யை எந்தச் சட்டம் பிடிக்கும்? அதனைப் பிடிக்க வேண்டியவர்கள் பக்கத்திலே நின்ற நாங்களே.

இரண்டு மாதங் கழித்து, அற்றன் நண்பர்தாம் வாய்திறந்தார். "எனக்கு இந்தச் சோறு இறங்கவில்லை. வீடு ஒன்று பார்ப்போம், ஐந்து பேருக்கும் பார்ப்போம்" என்றார். அன்றே சமறி பிறந்தது.

இனிக் கணக்கு. சமறி மலிவு என்று எண்ணிப் போகிறவர் இதனைக் கவனிக்க. போடிங்கில் இருவர் தங்கும் அறைக்கு ஒருவர்க்கு 17,000 ரூபா, காலை, இரவு உணவுக்கு 15,000, ஆக 32,000. நாங்கள் எடுத்த பழைய வீட்டுக்கு மாத வாடகை 75,000. ஐந்தாற் பிரித்தால் 15,000. அதே இரு வேளை உணவுக்கு 9,000, எரிவாயு, மின்சாரம், தண்ணீருக்கு 2,500, ஆக 26,500. மாதம் 5,500 மிச்சமென்று துள்ளினோம். ஆனால் வீட்டுக்காரர் ஆறு மாத முற்பணம் கேட்டார்: 450,000. தலைக்கு 90,000. எங்களில் இருவர் வீட்டில் தாயாரின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அடகு வட்டியைக் கழித்தால், அவ்விருவர்க்கும் மிச்சம் நாலாயிரத்தைச் சுற்றியே நின்றது. 2025 இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்ட மகாபொலப் புலமைப்பரிசில், அப்போது எங்கள் வாடகையிற் சரிபாதியைத்தான் தீர்த்தது.

மின்சாரக் கட்டணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 60, 90, 120, 180 அலகு என்னும் படிகளை ஏறுந்தோறும் அலகின் விலையும் ஏறும். ஐவர் ஒரே மானியின் கீழ் வாழ்ந்தால் படியேறுவது மிக எளிது. முதல் மாதச் சீட்டைக் கண்டபின் ஒவ்வொரு சுவிச்சருகிலும், "நீரே கடைசியாகப் போகின்றீரா? அணைத்துவிடும்" என்று எழுதி ஒட்டினோம். கடதாசி ஒட்டியவரே விசிறியை அணைக்காமல் விரிவுரைக்குப் போனார் என்பதும் உண்மை.

சமறியின் துன்பங்கள் பல. முதற்கிழமை எல்லோரும் சமைக்க முந்துவர். மூன்றாங்கிழமை எல்லோரும் பசியில்லை என்பர். கழுவாத சட்டி ஒரு நாள் கிடந்தால் மறதி, மூன்று நாள் கிடந்தால் மௌன யுத்தம். ஒருவர் இரவிற் படிப்பார். மற்றவர் விடியலிற் படிப்பார். வீட்டுக்கு நித்திரையே கிடையாது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்ற விதியை மறந்து ஒருவர் கருவாட்டைப் பொரித்துவிட்டார். அன்று நோன்பிருந்தவர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதன்பின் மரக்கறிக்குத் தனிச்சட்டி, தனி அகப்பை என்று தீர்மானித்தோம். இப்போது எவர்க்கும் குறையில்லை. எவர் எதை உண்கிறார் என்பதற்கு வேறு சட்டி வைக்கலாம். எவர் சமைத்தார் என்பதற்கு வேறு சட்டி வைக்க மாட்டோம். அதுவே எங்கள் குசினியின் அரசியலமைப்பு.

கணக்குக் கொப்பி எங்கள் ஐந்தாமவர் கையில் உள்ளது. அவர் மகா கண்டிப்பானவர். ஒரு தீப்பெட்டியும் தப்பாது. 'இவரை அறைக்குள் விடாத அன்ரி தம் கணக்கு வழக்குக்கு எவ்வளவு நல்ல ஆளை இழந்தார்' என்று நாங்கள் அவரைப் பகிடி பண்ணுவதுண்டு. அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எப்போதும் ஒரு கணம் பிந்தியே வரும்.

அனுபவத்திற் கண்ட சில யோசனைகளை இளைஞர்க்குச் சொல்லுகின்றோம்.

முதலாவது, எழுத்து. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி முற்பணம் கொடாதீர்கள். எப்போது, எவ்வளவு திருப்பித் தருவார், பழுதுபார்ப்பது யார் செலவு என்பன எழுத்தில் இருக்கட்டும். போடிங்கிலும் பற்றுச்சீட்டுக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இரண்டாவது, தமக்குள் ஓர் ஒப்பந்தம். இடையில் ஒருவர் விலகினால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். அவரின் முற்பணத்தைப் புதிதாய் வருபவர் கொடுக்க வேண்டும். கணக்கை மாதமுடிவில் அன்று, ஞாயிறுதோறும் பார்க்க. ஏழு நாட் கோபத்தைச் சிரித்துத் தீர்க்கலாம். முப்பது நாட் கோபம் நட்பை முறிக்கும்.

மூன்றாவது, நோய். சமறியில் அன்ரி இல்லை. ஒருவர்க்குக் காய்ச்சல் வந்தால் இன்று வீட்டில் நிற்பவர் யார் என்று முன்னரே முறை வகுத்துக்கொள்க. எங்கள் குசினிச் சுவரில் அன்ரியின் கொப்பியைப் பார்த்துக் கீறிய அட்டவணை ஒன்று தொங்குகிறது. நல்லதை எவரிடமிருந்தும் கற்கலாம்.

நான்காவது, காலம். முதலாம் ஆண்டிலே, ஊரையும் ஆட்களையும் அறியாத நிலையிற் சமறி எடுக்க வேண்டாம். ஓராண்டு விடுதியிலோ போடிங்கிலோ இருந்து, யாருடன் கடன் கொடுத்து வாங்கலாம், யாருடன் கோபித்துச் சமாதானமாகலாம் என்று கண்டபின் கூடுங்கள். உடல்நலம் குன்றியவர்க்கும், இறுதியாண்டு ஆய்வில் மூழ்கியவர்க்கும் நல்ல போடிங்கே நன்று.

சகோதரிகள் நிலைபற்றி அவர்களே இம்மேடையிற் பேசுவது முறை. எங்களோடு படிக்கும் சகோதரிகள் பெற்றோர்க்குச் சொல்லும்படி கேட்ட ஒன்றை மட்டும் ஒப்புவிக்கிறோம்: வாசற் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று விசாரிக்கும் பெற்றோர், மகளின் அறைக் கதவை உள்ளிருந்து பூட்ட முடியுமா என்பதையும் பார்க்க வேண்டுமாம்.

முடிக்குமுன் ஒரு சிறு செய்தி. சென்ற தை மாதத்தில் எங்களில் ஒருவரின் தாயார் ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் ஒரு நாள் தங்கினார். அன்று சமையல் முறை எங்கள் ஐந்தாமவருடையது. இடியப்பமும் சொதியும் சம்பலும். தாயார்க்கு அவர் ஊரும் தெரியும், குடும்பமும் தெரியும். தட்டில் வைத்த கை ஒரு கணம் நின்றது. நாங்கள் ஐவரும் அதனைக் கண்டோம். காணாதவர் போல் இருந்தோம். பின்பு அவர் சாப்பிட்டார். "சொதிக்கு உப்புக் கொஞ்சம் காணாது தம்பி" என்றார். நண்பர் உப்புப் போத்தலை எடுத்து நீட்டினார். அவ்வளவே. அதைப்பற்றி அந்தத் தாயார் இன்றுவரை பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் போகும்போது, அடுத்த முறை வருகையில் மிளகாய்த்தூள் கொண்டுவருவதாகச் சொன்னார். ஐந்து பேருக்கும் காணுமளவு கொண்டும் வந்தார்.

பெரியோர்களே, உங்களிற் பலர்க்குக் கொழும்பில் வீடுண்டு; பிள்ளைகள் வெளிநாடு போனபின் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் விண்ணப்பம் இது. இச்சங்கம் ஒரு கொப்பி வைக்கட்டும். கொழும்பிற் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுக்கக்கூடிய அறைகளையும் வீடுகளையும் அதிற் பதியட்டும். வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, பல்கலைக்கழகத்துக்கு எத்தனை பேருந்து, கிணறோ குழாயோ என்று வேண்டிய நிரல்களெல்லாம் இருக்கட்டும். 'ஊரிலை எந்தப் பக்கம்' என்ற நிரல் மட்டும் வேண்டாம். அந்த நிரல் இல்லாமல் அறை தரச் சம்மதிப்பவரின் பெயரை மட்டுமே எழுதுக. முதற்பக்கம் நிறையாவிட்டாலும் குறையில்லை. மூன்று பெயர் இருந்தாலே அடுத்த ஆண்டு மூன்று பிள்ளைகள் இரண்டு பேருந்து மாறமாட்டார்கள்.

இளைஞர்களே, போடிங்கா, சமறியா என்று எங்களைக் கேட்டால், உங்கள் பணம், உடல்நலம், படிப்பு ஆகியவற்றை நிறுத்துப் பார்த்து எதையும் தெரிவு செய்யுங்கள் என்போம். எதைத் தெரிந்தாலும், உங்கள் தோழன் வாசலில் நிறுத்தப்படும்போது நாங்கள் இருந்ததுபோல் இரண்டு மாதம் வாய்மூடி இராதீர்கள். அன்றிரவே பேசுங்கள்.

கொப்பி ஒன்றை நாங்களே வாங்கி வந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் செயலாளரின் மேசையில் இருக்கும், பேனையும் கட்டியிருக்கிறது.